வாராவாரம் குணமான வாத்தியார்

போன ஏப்ரல், மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடியில் ஆட்டோ கிடைக்கவில்லை என்றால் காரணம் ஒன்றுதான். எல்லா ஆட்டோவும் கடற்கரைச் சாலையிலுள்ள பழைய கருவாட்டுக் கிடங்குக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கிட்டங்கிக்கு, போயிருக்கும். சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேன், புன்னைக்காயலிலிருந்து ஒரு வேன், கோவில்பட்டியிலிருந்து முழுசாக ஒரு பஸ். முழங்கால் வலிக்காரர்கள், பக்கவாதக்காரர்கள், சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவர்கள், எந்த வியாதியும் இல்லாமல் எதிர்வீட்டுக்காரி போகிறாளே என்று கிளம்பி வந்தவர்கள். வாசலில் இளநீர் வண்டி இரண்டு, நன்னாரி சர்பத் கடை ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுபவர் ஒருவர். உள்ளே போனவர்களுக்கு நோய் தீர்ந்ததோ இல்லையோ, வாசலில் இருந்தவர்களுக்குக் கஷ்டம் தீர்ந்தது.

கிட்டங்கிக்குள் இருப்பவர் 'கடல்கட்டி' தாணுலிங்கம் ஐயா.

கடல்கட்டி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலில் இறங்குகிறவர்களைச் சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் சொல்லி அதன் வாயைக் கட்டுவதற்கென்றே ஆள் வைத்திருந்தார்களாம். சுறா கடிக்காத நாளெல்லாம் கடல்கட்டிக்குப் பெருமை. கடித்துவிட்டால், கடிபட்டவன் ஏதோ தப்புச் செய்தவன். இந்த மாதிரி உத்தியோகம் அமைந்தால் யார்தான் பரம்பரை பரம்பரையாகச் செய்யமாட்டார்கள்? அந்தப் பரம்பரையின் ஏழாவது தலைமுறை தாணுலிங்கம் ஐயா என்று தாணுலிங்கம் ஐயாவே சொன்னார். சுறாவின் வாயைக் கட்டியவருடைய பேரன் நோயின் வாயைக் கட்டமாட்டானா என்று ஜனங்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். ஐயா பாஞ்சாலங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவர், கடலை முதன்முதலாகப் பார்த்ததே ஏழாம் வகுப்புச் சுற்றுலாவில்தான், இன்றுவரை நீச்சல் தெரியாது என்பதெல்லாம் பிறகு வெளிவந்த விவரங்கள். அவரை எந்தச் சுறாவும் கடித்ததில்லை என்பது மட்டும் கலப்பில்லாத உண்மை.

வைத்தியம் எளிமையானது. மீன் கம்பெனிகளில் இருக்குமே, நீல நிற ஃபைபர் தொட்டி, அதில் ஆறு. தொட்டி நிறையப் பால் போல வெளுத்த தண்ணீர். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்தில், முத்து விளையும் பார் என்ற கடலடிப் பாறைத்திட்டிலிருந்து எடுத்த சிப்பியை இடித்துப் போட்ட தண்ணீராம். அதில் கழுத்தளவு பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். அற்புதம் எது என்றால், அந்தத் தண்ணீர் நடுங்கும்படி குளிர்ந்திருக்கும். வெளியே கத்திரி வெயில். மேலே தகரக் கூரை. ஃபிரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, ஒரு வயர்கூட இல்லை. சிப்பி, தான் குடித்த ஆழ்கடல் குளிரை மூச்சாக விடுகிறது என்பார் ஐயா. கூட்டம் கையை விட்டுப் பார்த்துவிட்டு அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்.

இந்தக் கச்சேரிக்கு ஒரு முக்கிய வித்வான் உண்டு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்குவார். கையில் கம்பு. இடது கால் தரையில் இழுபடும். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்த் தொட்டியில் இறக்குவார்கள். கால்மணி நேரம் கழித்து எழுந்து, கம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிட்டங்கியை ஒரு சுற்றுச் சுற்றி நடந்து வருவார். பெண்கள் குலவை போடுவார்கள். நூறு செல்போன் படம் எடுக்கும். அடுத்த ஞாயிறு அதே மனிதர் அதே கம்போடு அதே காலை இழுத்துக்கொண்டு வந்து இறங்குவார். மறுபடியும் குணமாவார். குணமானவன் எதற்கு வாராவாரம் கம்போடு வருகிறான் என்று ஆறு வாரத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அந்த மனிதரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த மனிதர் நான்தான்.

என் பெயர் நேசக்குமார். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் நாசரேத், குடியிருப்பது மில்லர்புரம். இருபத்தொரு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். வருடா வருடம் பள்ளிக் கண்காட்சியில் உள்ளங்கையில் சூடம் கொளுத்திக் காட்டி, "இதில் மந்திரமில்லை, தந்திரம்தான்" என்று மைக்கில் முழங்கும் ஆசாமி. எங்கள் குடும்பத்தில் மந்திரித்த கயிறு வாசல்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. 'மினரல் தெரபி' என்று சொல்லி வந்தால் மட்டும் கதவு திறந்தே கிடக்கும்.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். எம்எஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். நம் உடம்பில் காவலுக்கென்று ஒரு படை இருக்கிறது; கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. என் படை ஆள்மாறாட்டத்தில் என்னையே அடிக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளுக்கு மேல், வயருக்குப் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, கொழுப்பினாலான ஒரு உறை உண்டு. மயலின் என்று பெயர். அதை இந்தப் படை அங்கங்கே உரித்துவிடுகிறது. உரிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. அப்புறம் மூளை அனுப்பும் செய்தி தாமதமாகப் போகும், பாதி போகும், சமயத்தில் போகவே போகாது. எந்த இடத்தில் உரிகிறதோ அதைப் பொறுத்துக் கண்ணோ, காலோ, கையோ, மூத்திரப்பையோ மக்கர் செய்யும். இருவருக்கு ஒரே மாதிரி வராது. தொற்றாது.

எனக்கு முதலில் வலது கண். கரும்பலகை புகைமூட்டமாகத் தெரிந்தது, கண்ணை உருட்டினால் வலித்தது, மாணவிகளின் சிவப்பு ரிப்பன் சாயம் போன செங்கலாகத் தெரிந்தது. ஐந்து வாரத்தில் அதுவாகவே சரியானது. அடுத்த வருடம் இடுப்புக்குக் கீழே மரத்தது. விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகச் சுரீரென்று கரண்ட் பாயும். இதற்கெல்லாம் மேலே ஒரு அசதி. ஒரு பீரியட் நின்று நடத்தினால், மூட்டை தூக்கியவன்போல ஆகிவிடுவேன். "சுகர் கூடிட்டா சார்?" என்று ஆபீஸில் கேட்பார்கள். நானும் ஆமாம் என்பேன். ஆமாம் என்பது சுலபமாக இருந்தது.

மதுரை நரம்பு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்த நோயை அடியோடு தீர்க்க மருந்தில்லை, ஆனால் புதிதாக உரியாமல் தடுக்க இருக்கிறது என்றார். மாத்திரையில் ஒரே ஒரு குறை. அது நன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் குலவை போடுவார்கள்?

தாணுலிங்கத்திடம் நான் நம்பிப் போகவில்லை. தோலுரிக்கப் போனேன். நோட்டுப் புத்தகம், பேனா சகிதம். நண்பகல் வெயிலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கால் மக்கர். "நீங்களே இறங்கிப் பாத்துட்டு எழுதுங்க சார்" என்றார் ஐயா. இறங்கினேன். கால்மணி நேரம் கழித்து எழுந்தேன். கால் சொன்னபடி கேட்டது. கம்பு இல்லாமல் பத்தடி நடந்தேன். ஒன்றரை வருடமாக நடக்காத நடை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

"சார், இதுல சாமியும் இல்ல, பேயும் இல்ல. கடல்தான். சயின்ஸ்" என்றார் தாணுலிங்கம். ஆளைப் பார்த்துத்தான் தூண்டிலில் இரை மாட்டுகிறார் என்பது அப்போது தெரியவில்லை. விழுங்கினேன்.

சாதாரண ஆள் ஏமாந்தால் கும்பிட்டுவிட்டுப் போவான். படித்தவன் ஏமாந்தால் கட்டுரை எழுதுவான். நான் எழுதினேன். 'சிப்பி நீரின் வெப்பவியல்', நான்கு பக்கம், அம்புக்குறி போட்ட படம் இரண்டு. கால்சியம் கார்பனேட் படிகங்கள் சுற்றுப்புற வெப்பத்தை உறிஞ்சுவதால் நீர் தானாகக் குளிர்கிறது என்று நிறுவினேன். அப்படி உறிஞ்சினால் நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் ஏசியாகியிருக்க வேண்டும். அது தோன்றவில்லை. அடுத்த வாரம் அதை நகலெடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்; கிட்டங்கி வாசலில் ஃபிளெக்ஸ் தொங்கியது: 'இயற்பியல் ஆசிரியர் ஆராய்ந்து உறுதி செய்தது'. பக்கத்தில் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி என் படம். நன்றாகவே விழுந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஐயா என் தோளில் கை வைத்தார்.

"மருந்து ஒரு பக்கம் இழுக்கும், கடல் ஒரு பக்கம் இழுக்கும். நடுவுல ஒங்க நரம்புல்லா சார் அந்து போவும்?"

மாத்திரையை நிறுத்தினேன். வீட்டில் சொல்லவில்லை. காலையில் என் மனைவி ஜெபசுதா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள். தண்ணீர் வாய்க்குள், மாத்திரை சட்டைப்பைக்குள். பரீட்சையில் பிட் அடிக்கிறவர்களை இருபத்தொரு வருடம் பிடித்தவனுக்கு அந்த வித்தையெல்லாம் அத்துப்படி.

ஐந்தாவது வாரம் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஸ்கேன் கவர்.

"சார், என் பேரு உமாராணி. மீன் எக்ஸ்போர்ட் கம்பெனில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். எனக்கும் எம்எஸ்தான், நாலு வருசமா. ஒங்க வீடியோ பாத்தேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உட்காரச் சொன்னேன்.

"மொத அட்டாக்லயே இடது கண்ணு போச்சு சார். பாதிதான் திரும்பி வந்துது. இப்ப எல்லாத்துக்கும் வலது கண்ணுதான். ஆறு மாசத்துக்கு ஒருக்கா மதுரையில டிரிப்ஸ் ஏத்துதாவ. அது ஆரம்பிச்ச பொறவு புதுசா ஒண்ணும் வரல. அடுத்தது இருவத்தெட்டாந் தேதி. ஐயாட்ட ஃபோன்ல கேட்டேன், டிரிப்ஸ் ஏத்துனா கட்டு அறுந்துரும்னு சொல்லுதாரு." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அவரு சொன்னா நான் கேக்கப் போறதில்ல. நீங்க சயின்ஸ் வாத்தியாரு. நீங்க சொல்லுங்க. போவட்டா, வேண்டாமா?"

ஒரு நல்ல கண். அதை என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பெடுக்கும் குரலில், "ரெண்டையும் சேத்துச் செய்யக்கூடாதும்மா" என்றேன்.

"அப்ப நீங்க மாத்திரைய நிறுத்திட்டீயளா?"

அந்த நேரம் பார்த்து ஜெபசுதா காபியோடு வந்து நின்றாள். டம்ளர்களை மேசையில் வைத்தாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரம்" என்றேன்.

"தெனமும் காலையில நான் எடுத்துத் தந்தேனே, அது?"

என் கை சட்டைப்பைக்குப் போனது. அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்களுக்குக் கால் போனா நான் பாத்துக்கிடுவேன். பொய் சொன்னா என்னத்தப் பாத்துக்கிட?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடக் கர்வம் பெரியது. இவர்கள் இரண்டு பேருக்கும் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, உமாராணியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

வந்தாள். என் நடையைப் பார்த்தாள். குலவை போடவில்லை. தோள்பையைத் திறந்து, கம்பி போல நீண்ட ஒரு தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டியில் விட்டாள். நாள் முழுக்க இறாலுக்கும் கணவாய்க்கும் அதைக் குத்திக் குத்திப் பழகிய கை. தண்ணீரைக் கண்டால் தானாகப் போகிறது.

"பதினேழு டிகிரி சார். வெளிய முப்பத்தெட்டு. எங்க கம்பெனியில இதுக்குன்னு லோடு லோடா ஐஸ் எறக்குதோம்."

நான் சிரித்துவிட்டு என் கட்டுரையை நீட்டினேன். நின்ற இடத்திலேயே நான்கு பக்கமும் படித்தாள்.

"சார், இதுல ஒரு எடத்துலயும் எத்தன டிகிரின்னு இல்லியே. நீங்க அளக்கலியா?"

அளக்கவில்லை. அலகு எழுதாத விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கிற நான், அளவே இல்லாமல் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். ஐயா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"அடுத்த ஞாயிறு பகிரங்கச் சோதனை! சனிக்கிழமை மத்தியானம் எல்லாத் தொட்டியையும் காலி செய்து, டேங்க் தண்ணீர் நிரப்பி, ஐயா கையாலேயே சிப்பி போடுவார். கிட்டங்கியைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருப்பேன். யாரும் உள்ளே போகமுடியாது. ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் திறப்போம். சிப்பி மூச்சு விடுகிறதா இல்லையா, உலகம் பார்க்கட்டும்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. தாணுலிங்கத்தின் முகம் வெளிறியது.

"கடலச் சோதிக்கப்படாது சார்…"

"ஐயா தன்னடக்கமாகச் சொல்கிறார்" என்று மைக்கிலேயே விளக்கம் கொடுத்தேன். தாணுலிங்கத்துக்கு எதிரி வெளியே இல்லை. அவருடைய பெரிய பக்தனே போதுமானவனாக இருந்தான்.

சனிக்கிழமை பூட்டினோம். ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"சார், சாவி கொஞ்சம் வேணும். சிப்பிக்கு ஒரு பூசை இருக்கு."

"சோதனையின் நேர்மை கெட்டுவிடும் ஐயா."

"அஞ்சே நிமிசம் சார்."

"உங்களுக்காகத்தானே ஐயா செய்கிறேன்!"

ஏழு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். எட்டு மணிக்கு அழாத குறை. நான் அசையவில்லை. ஆயுளில் ஒரே ஒரு நாள் ஒழுங்கான விஞ்ஞானியாக இருந்தேன் என்றால் அது அந்தக் காலைதான், அதுவும் தெரியாமல்.

பன்னிரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்தேன். தகரக் கூரைக்குக் கீழே ராத்திரி முழுக்க அடைபட்டிருந்த அனல் முகத்தில் அடித்தது. உமாராணி தெர்மாமீட்டரைத் தொட்டியில் விட்டு, எண்ணை மைக்கில் வாசித்தாள். முப்பத்து நாலு. நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இறங்கி உட்கார்ந்தேன். பதினைந்து நிமிடம் வியர்த்தேன். பிறகு எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. இடது கால் மடங்கியது. இரண்டு பேர் என்னை மூட்டைபோலத் தூக்கி வெளியே வைத்தார்கள். மாவு பூசினது மாதிரி உடம்பெல்லாம் சிப்பித்தூள்.

"நம்பிக்க கொறைஞ்சி போச்சி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

உமாராணி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மினி லாரி நின்றது. தார்ப்பாய்க்குக் கீழிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாலையில் ஓடையாகப் போயிருந்தது. அவளுடைய கம்பெனிக்கு ஐஸ் கொண்டுவரும் அதே வண்டி, அதே டிரைவர் பொன்னுதுரை. உமாராணி அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இங்கன என்ன செய்யுதிய?"

"ஞாயித்துக்கெழம தோறும் விடியக்காலம் இங்கனதான் லோடு, தங்கச்சி" என்று பொன்னுதுரை அலுத்துக்கொண்டார். "இன்னைக்கி எந்தச் சவமோ பூட்டிட்டுச் சாவியக் கொண்டு போயிட்டான். ஐயா நில்லு நில்லுங்காரு. அம்புட்டு ஐஸும் உருகுது. யாரு பதில் சொல்லுவா?"

மைக் உமாராணி கையில்தான் இருந்தது. மொத்தக் கிட்டங்கிக்கும் கேட்டது. அந்தச் சவம் தொட்டி ஓரத்தில் சிப்பித்தூளோடு உட்கார்ந்திருந்தது.

கிட்டங்கி கொந்தளித்தது. உமாராணி கையமர்த்தினாள். ஒரு தொட்டியைக் கழுவி வெறும் டேங்க் தண்ணீர் நிரப்பச் சொன்னாள். சிப்பி இல்லை, மந்திரம் இல்லை. பொன்னுதுரை ஐஸ் பாரை உடைத்துப் போட, அவள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, "பதினேழு. போதும்" என்றாள். என்னைத் தூக்கி அதில் வைத்தார்கள். கால்மணி நேரம். எழுந்தேன். கம்பில்லாமல் நடந்தேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், குலவை போட்டார்கள். ஒருத்தர் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அப்ப ஐஸ்தான் மருந்தா? எந்தப் பிளான்ட் ஐஸு?" என்று நாலைந்து பேர் பொன்னுதுரையைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் மட்டும் மனசு வைத்திருந்தால் அன்றைக்கே ஐஸ்கட்டி ஐயா ஆகியிருக்கலாம்.

"யாரும் போவாதீங்க!" என்றாள் உமாராணி. "ஒரு மணி நேரம் உக்காருங்க. சாரும் இங்கனயே இருக்கட்டும். எனக்கு இதத்தான் பாக்கணும்."

ஆறு வாரத்தில் யாரும் செய்யாத சோதனை இதுதான். நான் நடந்ததும் கைதட்டிவிட்டு எல்லாரும் அவரவர் தொட்டிக்குப் போய்விடுவார்கள்; நான் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்க் கட்டிலில் விழுவேன். அதற்குப் பெயர் 'சிப்பி மயக்கம்' என்றும், நல்ல அறிகுறி என்றும் ஐயா சொல்லியிருந்தார். அன்று முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அனலில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் அசதி வந்தது. நாற்பதாவது நிமிடத்தில் கண் மங்கியது. ஒரு மணி ஆனதும், "நடங்க சார்" என்றாள். ஓரடி வைத்தேன். இடது கால் இழுத்தது. யாரோ என் கம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"ஒறை உரிஞ்ச நரம்பு சூட்டத் தாங்காது" என்று உமாராணி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒடம்பு சூடானா செய்தி போவாது. குளுந்தா கொஞ்ச நேரம் போவும். அவ்வளவுதான். உரிஞ்ச ஒறைய ஐஸ் ஒட்டிக் குடுக்காது, சிப்பியும் ஒட்டிக் குடுக்காது. எனக்கு மொத நாளே டாக்டரு சொன்னாரு, வெயில்ல ஜாக்கிரதைன்னு. ஒங்களுக்குச் சொல்லலியா சார்?"

சொல்லியிருந்தார். என் கடைசி பெஞ்சு எனக்குக் காது கொடுப்பதுபோல நான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

பின்கதவுப் பக்கம் நழுவிக்கொண்டிருந்த தாணுலிங்கத்தைக் கோவில்பட்டி பஸ்காரர்கள் பிடித்து நடுவே நிறுத்தினார்கள். அவர் அப்போது சொன்னதை நான் மறக்கமாட்டேன்.

"ஐஸ் போடலைன்னு நான் எழுதிக் குடுத்தேனா? சிப்பிதான் குளுர வைக்கின்னு எழுதுனது யாரு? போர்டுல யாரு படம் இருக்கு? நான் எட்டாங் கிளாஸ் ஃபெயிலு. அவரத்தான கேக்கணும்?"

முந்நூறு தலைகள் என் பக்கம் திரும்பின. முழங்கால் வலிக்காகச் சாத்தான்குளத்திலிருந்து வாராவாரம் வந்த சங்கரம்மாள் முன்னால் வந்தார். தாணுலிங்கத்தை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அவன் வயித்துக்குப் பொய் சொன்னான். எனக்கு மந்திரத்துல நம்பிக்க கெடையாது, ஒம்ம காயிதத்தப் பாத்துத்தான் வந்தேன். ரத்தக்கொதிப்பு மாத்திரைய நிறுத்துனதும் ஒம்ம காயிதத்த நம்பித்தான். நீரு என்னத்துக்குய்யா எழுதுனீரு?"

தாணுலிங்கத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. என்னைக் கூட்டிக்கொண்டு போக யாரும் வரவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது. அந்த ஃபிளெக்ஸை நானே கழற்றினேன். 'நான் எழுதியது தப்பு, மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று வீடியோ எடுத்துப் போட்டேன். நான் கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இரண்டு லட்சம் பேர். இதைப் பார்த்தவர்கள் நூற்றுப் பதினோரு பேர், ஜெபசுதா உட்பட.

இருபத்தெட்டாம் தேதி உமாராணி மதுரைக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டாள். வலது கண் நன்றாக இருக்கிறது. ஜூன் மாதம் எனக்குத்தான் இடது கை மரத்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இந்த முறை முழுசாகத் திரும்பி வரவும் இல்லை. புதிதாக ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, புதுத் தழும்பு மூன்றைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். மாத்திரையை நிறுத்தியதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லமுடியாது, நிறுத்தாமல் இருந்திருந்தால் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். ஜெபசுதா என் மரத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே கொஞ்சமும் உணர்ச்சி இல்லை. ஆனாலும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதைச் சமாளிக்க ஒரு நப்பாசைக் கேள்வி கேட்டேன். "டாக்டர், நான் அந்த ஆளை நம்பினதுக்கேகூட இந்த நோய் காரணமாக இருக்குமோ? மூளையில் யோசிக்கிற இடத்தில் தழும்பு ஏதாவது…?"

டாக்டர் படத்தை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல சார். அங்கே ஒண்ணுமே இல்ல. யோசிக்கிற இடமெல்லாம் புத்தம் புதுசா, உபயோகிக்காதது மாதிரி இருக்கு."

மொத்தம் பதினான்கு தழும்பு உள்ள மூளைக்கே சாக்கு இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு தழும்புகூட இல்லாத மூளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் என்ன சாக்குச் சொல்லப்போகிறீர்கள்?